அம்மாவின் றங்குப்பெட்டியும் நான் தனியே பட்ட பாடும்

ஒருவர் இறந்தால் யார் யாருக்கு அறிவிப்பது, பந்தலுக்கு யாரைப் பிடிப்பது, எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் என்னென்ன சமைப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர எங்கள் ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. இறந்தவர் விட்டுப்போன சின்னஞ்சிறு பொருட்களை என்ன செய்வது என்று சொல்லித்தர மட்டும் ஒருவரும் இருக்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஆவணியில் அம்மா காலமானார். அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார், அண்ணா சுவிற்சர்லாந்தில் இருக்கிறார், நான் மட்டக்களப்பு நகரில் வேலை செய்கிறேன். எங்கள் பகுதி வழமைப்படி அம்பாறை மாவட்டக் காரைதீவிலுள்ள வீடு பெண்பிள்ளையான அக்காவுக்குரியது. அவர் அதனை வாடகைக்குக் கொடுக்க விரும்பியதால், வீட்டை ஒழித்துக் கொடுக்கும் பொறுப்பு ஊரில் எஞ்சியிருந்த என் தலையில் விழுந்தது. அந்த வேலையில் கையிலிருந்து போனது எழுபதினாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். வராமற்போன வாடகையையும் முழுவதுமாகக் கரைந்துபோன என் வருடாந்த விடுமுறையையும் சேர்த்தால் அது பன்மடங்காகும். இவற்றுக்கு மேலாக, அக்காவும் நானும் சில வாரங்கள் பேசாமலே இருந்தோம். இதே நிலையில் இனி நிற்கப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அப்பா திருமணத்தின்போது வாங்கிய தகர றங்குப்பெட்டி அது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் ஓடுகள் பறந்த இரவில் அக்காவையும் அண்ணாவையும் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்த அம்மா, அவர்களுக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டியையும் தள்ளி வைத்தாராம். 1990இல் இடம்பெயர்ந்தபோது அது எங்களோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்த நேரத்தில், வீடு திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்ததால் அது வீரமுனையில் பெரியம்மாவின் வீட்டில் இருந்தது, அதனால் தப்பியது. அன்று இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். உறவினரோடு அவர்களுடைய படங்களையும் சேர்த்தே பறிகொடுத்த குடும்பங்கள் எங்கள் கரையோரத்தில் உண்டு. அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்து மாலையிட்டிருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். ஆகவே, எங்களிடம் ஒரு பெட்டி நிறையப் படங்கள் இருப்பதையே அம்மா ஒரு சொத்தாகக் கருதினார். அதற்குள் படங்களோடு, அப்பா வடமோடிக் கூத்தில் கட்டியாடிய சதங்கை, அம்மம்மாவின் பாக்குவெட்டி, 1990இல் தந்த நிவாரண அட்டை, நாற்சதுர ஐந்து சதக் காசுகள் சில, எண்பதுகளில் அப்பா சவூதியில் இருந்து பேசி அனுப்பிய கசற்றுகள் ஆகியவையும் இருந்தன. வெளியார் கண்ணுக்கு இவை முழுவதும் சேர்ந்து ஐயாயிரம் ரூபாய்கூடப் பெறாது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாளே மாமிமாரும் மச்சாள்மாரும் உதவிக்கு வந்துவிட்டார்கள். இறந்தவரின் உடுப்பை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. நல்ல மனத்தோடு வந்தவர்களைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. பின் வளவில் நெருப்பு மூட்டி, பழைய சேலைகளையும் தலையணைகளையும் போடத் தொடங்கினார்கள். ஒரு தலையணை கனமாக இருப்பதாக மாமி ஒருவர் ஐயப்பட்டுப் பிரித்துப் பார்த்ததால், அதற்குள் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த வயற்காணியின் உறுதி தப்பியது. அதற்கு முன் எரிந்த தலையணைகளுக்குள் என்ன இருந்தது என்பதை இனி அறிய வழியில்லை. அதே நாளில் சமையலறையை ஒழித்தவர்கள், துருப்பிடித்த தகரப் பேணி ஒன்றைப் பழைய இரும்பு வாங்க வந்தவரிடம் மற்றச் சாமான்களோடு நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். அது அம்மா அரிசி அளந்த சுண்டு. பால்மாப் பேணியை வெட்டி, வாயை மடித்து, அப்பா செய்து கொடுத்தது. ஒரு சுண்டு, இரண்டு சுண்டு என்று அம்மா எண்ணும் குரலுக்குத்தான் பள்ளி நாட்களில் நான் விழிப்பேன். அது எனக்கு வேண்டும் என்று நான் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அது வேண்டுமென்பது போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்று மாலை, நாற்பத்தைந்து வயதுக்காரன் ஒருவன் பழைய இரும்புக் கடை வாசலில் நின்று பேணியொன்றைத் தேடிக்கொண்டிருந்ததைக் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. சாமான்கள் அப்போதே லொறியில் ஏறிப் போய்விட்டிருந்தன.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கிரியைகள் முடிந்த கையோடு வீட்டை ஒழிக்கத் தொடங்காதீர்கள். நம்பிக்கையின் பொருட்டு உடுப்புகளை அகற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் உதறி, மடிப்பையும் தலையணை உறையையும் பஞ்சாங்கத்தின் தாள்களையும் சுவாமிப் படத்தின் பின்புறத்தையும் பார்த்த பிறகு அகற்றுங்கள். எங்கள் தாய்மார் வங்கியைவிட இந்த இடங்களையே அதிகம் நம்பினார்கள். ஓர் அறையைப் பூட்டி, எது என்னவென்று தெரியாத எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுங்கள். உதவிக்கு வருபவர்களுக்கு முற்றம் கூட்டுவது, பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகளைக் கொடுக்கலாம். எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்ற முடிவை மட்டும் அவர்களிடம் விடக்கூடாது. சமையலறையையும் மறந்துவிடாதீர்கள். நினைவுப் பொருள் என்றதும் எல்லோரும் அலுமாரியைத்தான் நினைக்கிறார்கள். அம்மாவின் கை அதிகம் பட்ட பொருட்கள் அடுப்படியில்தான் இருக்கும்.

அதன்பின் வட்ஸ்அப் காணொளி அழைப்பில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். நகையில்தான் பிரச்சினை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், அது வரவில்லை. நகையைப் பவுண் கணக்கில் நிறுக்கலாம், விலை போடலாம், ஈடுசெய்யலாம். தாலிக்கொடியை மூன்றாகப் பிரித்து உருக்குவோமா என்று அண்ணா கேட்டபோது, உருக்கினால் செய்கூலியும் கழிவும் போக மூவருக்கும் மிஞ்சுவது அம்மாவின் கொடியாக இராது, மூன்று துண்டு தங்கமாகவே இருக்கும் என்று கல்முனை நகைத்தொழிலாளி ஒருவர் சொன்னார். அக்கா அதனை முழுதாக வைத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் பணமாகத் தருவதென்று அரை மணி நேரத்தில் முடிவாயிற்று. சண்டை வந்தது பாக்குவெட்டியில். அதன் ஒரு பிடியில் சிறிய நெளிவு உண்டு. அம்மம்மா தன்னை மடியில் வைத்துக்கொண்டு பாக்கு வெட்டியபோது தான் தட்டிவிட்டதால் வந்த நெளிவு அது என்றார் அக்கா. 1990இல் பூட்டிய பெட்டியை உடைத்துத் திறக்கத் தான் அதனைப் பயன்படுத்தியதால் வந்த நெளிவு என்றார் அண்ணா. இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். முப்பது வருடங்களுக்கு மேலாக இருவரும் தத்தம் கதையைத் தூரதேசத்தில் தனியே காத்து வைத்திருந்தார்கள். ஒருவரின் கதையை ஏற்றால் மற்றவரின் கதை அழிந்துபோகும் என்ற நிலைமை அன்றிரவுதான் ஏற்பட்டது.

உண்மையைச் சொல்வதானால், அப்போது எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. அம்மாவின் கடைசி ஆண்டுகளில் மருத்துவமனை வரிசையில் நின்றது நான், இரவில் எழுப்பித் தண்ணீர் கொடுத்தது நான், இப்போது கண்ணாடித்திரைக்கு அப்பால் இருந்து இது எனக்கு, அது உனக்கு என்கிறார்களே என்று மனத்துக்குள் கசந்தது. காலம் சென்ற பிறகு அதன் மறுபக்கமும் விளங்கியது. எனக்குக் காரைதீவுத் தெருக்கள் இருக்கின்றன, அம்மாவின் கிணறு இருக்கிறது, பெரியம்மா இருக்கிறார். அவர்களுக்கோ கையில் பிடிக்கக்கூடியதாக இருப்பது இந்தப் பெட்டிக்குள் உள்ளது மட்டும்தான். 1970களில் சிக்காகோவில் 82 குடும்பங்களிடம் வீட்டிலுள்ள எந்தப் பொருள் உங்களுக்கு மிகவும் பெறுமதியானது என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். விலையுயர்ந்தவற்றைவிட, யாரையோ எதையோ நினைவூட்டும் பொருட்களையே மக்கள் பெரும்பாலும் சொன்னார்கள். பேரப்பிள்ளைகள் பாட்டுக் கேட்கும் கருவியைச் சொல்ல, பாட்டன் பாட்டிமார் புகைப்படங்களைச் சொன்னதாகவும் அந்த ஆய்வில் வருகிறது. அக்காவின் மகன் அந்த அழைப்பின்போது எட்டிப் பார்த்து, பழைய வானொலிப் பெட்டியைத் தனக்குத் தருவீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். சிக்காகோவுக்கும் காரைதீவுக்கும் இவ்விடயத்தில் அதிக தூரம் இல்லை.

இந்தச் சண்டையில் இருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறை ஒன்று உண்டு. காணொளி அழைப்பில் எல்லோரையும் ஒன்றாக இருத்திப் பொருளைத் தூக்கிக் காட்டினால் அது ஏலம் போலாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பொருளையும் படமெடுத்து இலக்கமிட்டு அனுப்பி, எது வேண்டும் என்று கேட்காமல், இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று மட்டும் தனித்தனியே கேளுங்கள். குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள், அதற்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள். பாக்குவெட்டி விடயத்தில் பிந்தித்தான் இதைச் செய்தேன். ஆயினும், சதங்கையைப் பற்றி அண்ணா அனுப்பிய பதிவைக் கேட்ட அக்கா, அது அவரிடமே போகட்டும் என்று தாமாகவே சொல்லிவிட்டார். அப்பா கடைசியாக அர்ச்சுனன் வேடம் கட்டிய இரவில், களரி முடிந்து விடியும்போது அண்ணாவின் காலில் அதனைக் கட்டி ஒரு சுற்று ஆடவிட்டாராம். எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

இவ்வளவும் முடியாத நிலையில் நவம்பர் இறுதியில் மழை பிடித்தது. 2024 நவம்பர் வெள்ளத்தை எங்கள் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். நான் மட்டக்களப்பில் அகப்பட்டுக்கொண்டேன். வீதிகள் வெள்ளத்தில் கிடந்தன. பக்கத்து வீட்டுத் தம்பி எடுத்த தொலைபேசி அழைப்பில், உங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் அண்ணா என்றார். சூறாவளிக்கும் போருக்கும் கடலுக்கும் தப்பிய பெட்டி, பூட்டிய அறையின் தரையில் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வற்றியிருந்தது. பெட்டியின் அடிப்பாதி சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. பக்கத்து வீட்டார் என்மேல் இரக்கப்பட்டு, மேலே இருந்த படங்களில் ஒரு பகுதியை எடுத்துக் கொடியில் கவ்வியால் மாட்டி வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். அவை சுருண்டு, மடிப்பு வெடித்து, சில படங்களில் முகங்களின் மேலே கோடுகள் ஓடியிருந்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நனைந்த எதையும் வெயிலில் போடுவதுதானே நாங்கள் அறிந்த வழி.

நனைந்த படங்களைப் பற்றி அன்றிரவு தொலைபேசியில் தேடித் தேடி அறிந்ததையும், பின்னர் செய்து பார்த்து உறுதிப்படுத்தியதையும் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் எங்கள் கரையில் வெள்ளம் இனியும் வரும். அச்சிட்ட பழைய படத்தின் மேற்பரப்பு ஜெலற்றின் என்னும் பசைப்பொருளால் ஆனது. அது நனைந்தால் ஊதி மென்மையாகும். அந்த நிலையில் இரண்டு படங்கள் ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது, இழுத்தால் ஒன்றின் முகம் மற்றதோடு போய்விடும். ஆகவே நனைந்த படத்துக்குக் காய்வதைவிட ஒட்டிக்கொண்டு காய்வதுதான் பெரிய ஆபத்து. அகன்ற பேசினில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் எடுத்து, ஒட்டிய கட்டை அதற்குள் வைத்து, தானாக நழுவும் வரை பொறுத்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். படம் உள்ள பக்கத்தில் விரல் படக்கூடாது, துணியால் துடைக்கக் கூடாது, தண்ணீர் கலங்கியதும் மாற்ற வேண்டும். கிணறுகளில் வெள்ளத் தண்ணீர் கலந்திருந்ததால் நான் கடையில் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கினேன், அதற்கே சில ஆயிரங்கள் போயின. பிரித்ததும், காய வைப்பதற்கு முன்பே தொலைபேசியால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். காயும்போது எது கெட்டாலும் அந்தப் பிரதியாவது மிஞ்சும். பிறகு நிழலில், படம் மேலே பார்க்க, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். விறாந்தைத் தூண்களுக்கிடையில் நுளம்பு வலையைத் தொட்டில் போல் தொய்யாமல் இறுக்கிக் கட்டி அதன்மேல் பரப்பினேன், கீழிருந்தும் காற்றுப் பட்டதால் அது நன்றாகவே வேலை செய்தது. மின்னழுத்தியால் தேய்ப்பது, முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றுவது இரண்டும் கூடாது.

இரண்டு நாட்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால், உடனே பிரிக்க முடியாத கட்டுகளை உறைய வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் வெள்ள காலத்தில் மின்சாரம் எங்கே? கடற்றொழில் செய்யும் நண்பர் ஒருவரின் மீன் றெஜிபோம் பெட்டியைக் கழுவி, ஐஸ் கட்டிகளுக்கு மேலே, பொலித்தீனில் சுற்றிய கட்டுகளை வைத்தேன். அவை உறையவில்லை, ஆயினும் குளிரால் பூஞ்சணத்தின் வேகம் குறைந்தது. மின்சாரம் வந்த பிறகு மச்சாள் வீட்டு உறைபெட்டிக்கு மாற்றினேன். மீனுக்குப் பக்கத்தில் உங்கள் அப்பாவா என்று அவர் கேட்டதற்கு இருவரும் சிரித்தோம், அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான். கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் தப்பின. வண்ணப் படங்களின் சாயப் படைகள் விரைவில் குழம்புகின்றன, ஆகவே நேரம் குறைவாக இருந்தால் அவற்றை முதலில் பாருங்கள். கணினி மைஅச்சில் எடுத்த அண்மைக்காலப் படங்கள் நீலமும் சிவப்புமாகக் கரைந்தே போய்விட்டன. பேனையால் பின்புறத்தில் எழுதியிருந்த பெயர்களும் கரைந்து அடுத்த படத்தில் பதிந்திருந்தன. பென்சிலால் எழுதியவை அப்படியே இருந்தன. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த திருமணப் படம் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துவிட்டது. அதைப் பிரிக்க முயலாமல், வெளிச்சம் தெறிக்காத பகல் வேளையில் கண்ணாடியோடே படமெடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

அடுத்த அடி விழுந்தது ஸ்டூடியோவில். அம்மா அப்பாவின் படங்களில் சேதமடைந்த சிலவற்றைத் திருத்தித் தருவதாக ஓர் இடத்தில் சொன்னார்கள். இருபத்தையாயிரம் ரூபாயை முழுதாக முன்கூட்டியே வாங்கினார்கள். வாரங்கள் கழித்து வந்த படங்கள் பளிங்கு போல் தெளிவாக இருந்தன, ஆனால் அவற்றில் இருந்தவர்கள் என் பெற்றோர் அல்லர். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கெட்டுப்போன இடங்களைத் தன் ஊகத்தால் நிரப்பியிருந்தது. அப்பாவின் புருவத்தில் இருந்த வெட்டுக் காயம் மறைந்து, அவருக்கு யாரோ ஒரு நடிகரின் தாடை முளைத்திருந்தது. அம்மாவின் மூக்குத்தி காணாமற் போயிருந்தது. இவ்வளவும் போதாதென்று, மூலப்படங்களைப் பாதுகாப்புக்காகச் சூடேற்றிப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டியும் வைத்திருந்தார்கள். அப்படி ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. பணம் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் அந்தப் பொய்ப் படத்தைப் பார்க்கப் பார்க்க, உண்மையான முகமே எனக்கு மறந்துபோய்விடுமோ என்ற அச்சம் பிடித்தது. அதனை அழித்த பிறகுதான் நிம்மதியாயிற்று. நீங்கள் எங்காவது கொடுப்பதானால், முதலில் மூலப்படத்தில் எதையும் மாற்றாமல் 600 டிபிஐ அடர்த்தியில் ஸ்கான் செய்து, அந்தக் கோப்பைத் தனியாகத் தரும்படி கேளுங்கள். திருத்தம் வேறு கோப்பில் இருக்கட்டும். ஒரு படத்தை மட்டும் கொடுத்து முகத்தைச் சரிபார்த்த பிறகே மற்றவற்றைக் கொடுங்கள். மூலப்படத்தை ஒட்டவோ வெட்டவோ கூடாது என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கசற்றுகள் விடயத்தில் நல்லவர் ஒருவர் வாய்த்தார். மட்டக்களப்பில் வானொலி திருத்தும் முதியவர் அவர். நனைந்த நாடாவை ஓட்டிப் பார்க்கவே கூடாது, சேறு காந்த முனையில் சுரண்டி ஒலியை அழித்துவிடும் என்று முதலிலேயே எச்சரித்தார். உறையின் திருகாணிகளைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரில் நாடாவை அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, வேறு உறைக்குள் மாற்றிய பின்னரே ஓட்டினார். சில தப்பவில்லை. தப்பியதொன்றில் அப்பா, பின்னால் விசிறிச் சத்தம் கேட்க, அண்ணாவின் புள்ளிகளைப் பற்றிக் கண்டித்துவிட்டு, “சின்னவன் நடக்கிறானா? அவன்ட குரலையும் பதிஞ்சு அனுப்பு” என்று அம்மாவிடம் சொல்கிறார். அவருடைய குரலை நான் கடைசியாகக் கேட்டது 1998இல். அந்த முதியவரின் கடையில் நான் அழுதேன், அவர் தேநீர் வாங்கித் தந்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். உங்கள் வீட்டில் கசற்றுகள் இருந்தால், அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் கருவிகளும் குறைந்து வருகிற இந்த நேரத்திலேயே எண்ணிமக் கோப்பாக மாற்றிவிடுங்கள். கோப்பை ஒரே தொலைபேசியில் வைக்காமல், வெவ்வேறு நாட்டில் இருக்கும் இருவரிடமாவது கொடுத்து வையுங்கள். சகோதரங்கள் சிதறியிருப்பதால் வரும் ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பொருட்களை அனுப்புவதிலும் அறிந்திருக்க வேண்டியவை உண்டு. அம்மாவின் தந்தையார் வைத்தியர். அவருடைய ஓலை ஏட்டுக் கட்டொன்று பரண்மேல் இருந்ததால் நனையாமல் தப்பியது. அக்கா அதனை ரொறன்ரோவுக்குக் கேட்டார். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தொல்பொருட்களைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல முடியாது. பழைய ஏட்டுக்கு அந்தச் சிக்கல் வரும் என்று விளக்கியதும் அக்கா ஏற்றுக்கொண்டார். தேங்காய் எண்ணெய் பூசினால் ஏடு பளபளக்கும் என்று பலர் ஆலோசனை சொன்னார்கள். பூசவில்லை, தெரிந்தவர்கள் கையில் கொடுக்க வேண்டிய வேலை அது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்து வரும் ‘நூலகம்’ என்ற பெயருடைய அமைப்பைப் போன்ற முயற்சிகள் இருக்கும்போது, ஏடு ஊரில் இருக்க, அதன் படத்தை ரொறன்ரோவில் இருந்தும் பார்க்கலாம்.

பாக்குவெட்டி இறுதியில் அக்காவுக்கென்று முடிவாகி, விடுமுறைக்கு வந்து திரும்பிய உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். பெட்டிக்குள் வைத்துக் கட்டித்தான் கொடுத்தேன். பயணப்பொதி நிறை கூடியதால், விமான நிலையத்தில் அவர் அதனை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வெட்டும் அலகுள்ள பொருளை விமானத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. சோதனையில் பிடித்துக்கொண்டார்கள், விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் அதனை அங்கேயே விட்டுவிட்டு ஏறிவிட்டார். பிறகு நான் விசாரித்தும் பலன் இல்லை. அக்கா என்னையும் குறை சொல்லவில்லை, அவரையும் சொல்லவில்லை, தொலைபேசியை எடுப்பதைத்தான் நிறுத்திக்கொண்டார். சில வாரங்களின் பின் அண்ணாதான் எங்கள் மூவரையும் ஒரே அழைப்பில் சேர்த்தார். தன் பாக்குவெட்டிக் கதையைச் சொல்லிவிட்டு, அக்காவின் கதையை மறுபடியும் சொல்லச் சொன்னார். அந்த உரையாடலைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். கத்தி, கத்தரிக்கோல், பாக்குவெட்டி, சத்தகம் எதுவானாலும் கொண்டுபோகிறவரிடம், இது சரக்குப் பொதிக்குள் மட்டுமே போகவேண்டும் என்று வாயால் சொல்லுங்கள், பொதியின் மேலேயும் எழுதி ஒட்டுங்கள். நிறை கூடினால் எதை வெளியே எடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வீடு இந்த ஆண்டுதான் வாடகைக்குப் போயிற்று. பெட்டி இப்போது என் வீட்டில், தரையில் அல்லாமல் சுவரில் உயரமாக அடித்த தட்டில் இருக்கிறது. படங்களை அமிலமற்ற தாள் உறைகளில் போட்டிருக்கிறேன். ஒட்டும் தாள் கொண்ட பழைய அல்பங்கள் படத்தைக் கெடுப்பவை என்பதால் அவற்றைக் கழித்துவிட்டேன். எஞ்சிய வேலை பெயர்கள்தான். அம்மா இருந்தபோது எந்நேரமும் கேட்கலாம் என்றிருந்த பெயர்கள் இவை. எண்பதைக் கடந்த பெரியம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். தொலைபேசித் திரையில் காட்டினால் அவருக்குப் பிடிபடுவதில்லை, ஆகவே பெரிதாக அச்சிட்டுக் கொண்டு போகிறேன். காலை வேளையில், தேநீருக்குப் பிறகு, ஒரு தடவைக்குப் பத்துப் படங்களுக்கு மேல் காட்டுவதில்லை. களைத்துவிட்டால் எல்லோரையும் தன் தம்பி என்று சொல்லிவிடுகிறார். இடமிருந்து வலமாகப் பெயரையும் உறவுமுறையையும் எந்தக் குடி, அதாவது எந்தத் தாய்வழிக் குலம், என்பதையும் மென்மையான முனையுள்ள பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்புற ஓரத்தில் எழுதுகிறேன். அவருக்கும் தெரியாத முகங்கள் ஓர் உறை நிறைய இருக்கின்றன. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு வெளியூரில் இருக்கும் முதியவர்களும் காரைதீவுக்கு வருவார்கள். அந்த உறையை அப்போது கொண்டுபோகப் போகிறேன், பெரிதாக அச்சிடக் கொடுத்திருக்கிறேன், வேறொரு கடையில்.